யாழினி தனியாகப் பறந்த காலை

திருச்செங்கோடு
5-11-2024

அன்புள்ள தம்பி தனசேகருக்கு,

யாழினியின் அப்பா காளியண்ணன் எழுதுவது. நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். ஆறு முறை போன் செய்தேன். விசாரணைக்காக உங்கள் போனை வாங்கி வைத்திருப்பதாக விமானப் பயிற்சிப் பள்ளி வாட்ச்மேன் சொல்லி, முகவரி கொடுத்தார்.

பாப்பா விமானத்தோடு மரவள்ளிக் காட்டில் விழுந்து, எங்களை விட்டுப் போய் இன்றோடு பதினைந்து நாள். நேற்று இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். சரியாகத் தூங்குவாளா, யாரையாவது விரும்பினாளா, மனக்குழப்பம் உண்டா என்று கேட்டார்கள். பள்ளி மேனேஜர் அப்படி ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதிலிருந்து என் மனைவி சென்னம்மாள் சாப்பிடவில்லை. "எம் புள்ள தானா எதுக்குங்க உழுகோணும்?" என்று அதையே கேட்கிறாள்.

"தனசேகரண்ணன் பாத்து அனுப்புனா எனக்குப் பயமே இல்லப்பா" என்பாள் பாப்பா. விமானத்தில் ஏறுமுன் அவளைக் கடைசியாகப் பார்த்த மெக்கானிக் நீங்கள். எப்படி இருந்தாள்? அதை மட்டும் எழுதுங்கள்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
காளியண்ணன்


பனமரத்துப்பட்டி
11-11-2024

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

தனசேகர் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவைத் தயவுசெய்து சாப்பிடச் சொல்லுங்கள். பாப்பா அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆசிரியர் இல்லாமல் தனியாக ஓட்டுவது அதற்கு ஏழாவது முறை. தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி வந்தது.

விமானத்தில் குறை எதுவும் இல்லை என்று சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விசாரணை முடியும்வரை யாரிடமும் பேசக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். மன்னிக்க வேண்டும். என் மனைவி ரஞ்சிதாவுக்கு இது எட்டாம் மாதம். வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

பணிவுடன்,
தனசேகர்


திருச்செங்கோடு
18-11-2024

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். குறை இல்லை என்று நீங்கள் எழுதவில்லை. குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

விமானத்தை வைத்திருக்கும் கொட்டகைக்கு நேற்று போனேன். தார்ப்பாயை விலக்கிக் காட்டினார்கள். உடனே வெளியே வந்துவிட்டேன். விமானம் விழுந்த அன்று பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பூவாத்தாள் என்ற அம்மாவையும் பார்த்தேன். "மேல போகறப்பவே மூணு தரம் இருமுச்சுங்க. அப்புறம் சத்தமே இல்லீங்க" என்றார்.

நான் முப்பது வருடமாக போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவன். டீசலில் தண்ணீர் இறங்கினால் என்ஜின் அப்படித்தான் இருமும். எங்கள் வண்டி தரையில் நிற்கிறது. குழாயைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். பாப்பாவுக்கு எங்கே நிறுத்த முடியும்?

அதற்கு முந்தின நாள் நல்ல மழை. எரிபொருளில் தண்ணீர் இருந்ததா தம்பி? தொட்டிகள் எரிந்துவிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறார் விசாரணை அதிகாரி சந்திரசேகர். மேனேஜர் எழுதிக் கொடுத்ததே அறிக்கையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஊரில் இப்போதே ஒரு மாதிரி பேசுகிறார்கள்.

காளியண்ணன்


பனமரத்துப்பட்டி
27-11-2024

ஐயா,

இன்று காலை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதன் பிறகே இதை எழுதுகிறேன்.

இறக்கைத் தொட்டிகளிலிருந்து தினமும் கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். அன்று மூன்று விமானங்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று மேனேஜர் நின்றார். இரண்டைப் பார்த்தேன். பாப்பாவுடையதைப் பார்க்கவில்லை. மழையில் வெளியே நின்றது அதுதான்.

பாப்பா குப்பியோடு வந்து, "தண்ணி பாத்தாச்சுங்களாண்ணா?" என்று கேட்டது. "பாத்தாச்சு சாமி, நீ ஏறு" என்றேன். நான் சொன்னதை நம்பி, குப்பியை வைத்துவிட்டு ஏறிக்கொண்டது.

விமானம் விழுந்த பிறகு, அன்று மதியம் மேனேஜர் சோதனைத் தாளை நீட்டினார். காலை ஏழு பத்துக்குச் சோதித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வேலை போகும், வழக்கும் வரும் என்கிறார்கள். ரஞ்சிதாவிடம் சொல்லிவிட்டேன். அவள்தான், "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். ஐயா, ஒருமுறை வந்து உங்கள் இருவர் காலிலும் விழ வேண்டும். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

தனசேகர்


திருச்செங்கோடு
5-12-2024

தம்பி தனசேகருக்கு,

அதிகாரி பேசினார். மனக்குழப்பம் என்ற பேச்சு அறிக்கையில் இருக்காதாம். நீங்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது எனக்குப் புரிகிறது.

உங்கள் கடிதத்தைச் சென்னம்மாளுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை. வரச்சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"ஊட்டுக்கு வந்தா வாங்கன்னுதான் சொல்லுவேன். எலை போட்டுச் சோறும் வெப்பேன். அவரு திங்கறதைப் பாத்துக்கிட்டு எப்படி நிக்கறதுன்னுதான் தெரியலீங்க" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. அதனால் வர வேண்டாம் தம்பி.

ரஞ்சிதாவுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும்.

காளியண்ணன்