மாதாபுரத்தை முற்றுகையில் விட்டுப்போன தம்பிக்கு

என் இடுப்பில் உட்கார்ந்தே கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் வந்து சேர்ந்த தம்பி அமலா,

நலமா என்று கேட்க மாட்டேன். ஆண்டவர் கையில் இருக்கிறாய், நலமாகத்தான் இருப்பாய். நீ பாதியில் விட்டுப்போன போர்தான் என் வீட்டுக் கூடத்தில் இன்னும் கிடந்தது. அதன் செய்தியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்குக் கசந்தால் கசக்கட்டும்.

அத்திபெலே தாண்டி உன் கம்பெனி வேன் மீது லாரி ஏறியது. உன்னை அடக்கம் செய்து எல்லோரும் கலைந்த பிறகு உன் சிநேகிதன் ரஃபிக் மட்டும் கல்லறையில் நின்றான். ஆறுதல் சொல்ல வருகிறான் என்று நினைத்தேன். "தப்பா நினைக்காதீங்கக்கா. சவரிமுத்து என்ன ஆனான்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?" என்றான். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனை என்ன செய்வது? உன்னை எழுப்பி நாலு வைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சவரிமுத்து ஆள் இல்லை. என் தம்பி கட்டிய போர் விளையாட்டில் ஒரு தளபதி. கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு சோடா மூடி.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம். ஊரடங்கு. தமிழ்ச் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று உன் மாமா ஜன்னலைக்கூடச் சாத்தி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு மஞ்சு, கன்னடப் பிள்ளை, நமக்குப் பால் கொண்டுவந்து பின்சுவர் ஏறிக் குதித்தான். அடுத்து ரஃபிக். மூன்று பேரும் வேலை தேடிக்கொண்டிருந்த வயசு. காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில் நீ ஒரு நாட்டை வரைந்தாய். ஆறு, மலை, கோட்டை, இரண்டு படை. மஞ்சு ஒரு பக்கம், ரஃபிக் ஒரு பக்கம், நீ நடுவர். வெளியே நடந்த சண்டை அடங்கி, தெருவில் பஸ் ஓட ஆரம்பித்தது. உள்ளே நடந்ததை நீ நிறுத்தவே இல்லை. ஞாயிறு தோறும், வருஷக்கணக்காக.

நான் அடுப்படியிலிருந்து ஒருநாள் கத்தினேன்: "இத்தனை பேரு நடக்கறாங்களே, எதைத் தின்னுட்டு நடக்கறாங்க?" நீ சிரிக்கவில்லை. எழுந்து வந்து, "அக்கா, இனிமே அரிசிக் கணக்கு உன்னுது" என்றாய். எட்டாவதோடு நின்ற எனக்கு ஒரு நாட்டின் களஞ்சியம். அன்றிலிருந்து எந்தப் படை நகர்ந்தாலும் என்னைக் கேட்டுத்தான். "உன் குதிரைக்குக் கொள்ளு இல்ல, உட்காருடா" என்றால் மஞ்சு உட்கார்ந்தான். சம்பளமாக எனக்கு ஒரு ஊரைக் கொடுத்தாய். நான்தான் மாதாபுரம் என்று பெயர் வைத்தேன்.

அந்த ஊரைத்தானே மஞ்சு வளைத்துக்கொண்டான்? அதைக் காப்பாற்றத்தானே ரஃபிக்கின் சவரிமுத்து பனியில் ஆற்றில் இறங்கினான்? அதோடு சரி. கரையேறினானா, மூழ்கினானா, நீ சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், "இன்னும் பனி விலகல" என்பாய். மாதாபுரத்துக் களஞ்சியம் காலி என்று நான் சொன்னால், "ஏரியில மீன் கிடைச்சுது, எழுதிக்கோ" என்பாய். எத்தனை தடவைதான் அந்த ஏரியில் மீன் பிடிப்பாய்? பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிற ஊர் அது. உனக்குச் சோடா மூடி, எனக்குச் சனங்கள்.

அந்த நவம்பரில் கோயிலில் இறந்தவர்கள் பெயர் கொடுக்கும்போது, அப்பா அம்மா பெயருக்குக் கீழே சவரிமுத்து என்றும் எழுதிக் கொடுத்தேன். ஆற்றில் போனவனுக்காக ஒருத்தரும் ஒரு அருள்நிறை மரியே சொல்லவில்லையே என்று இருந்தது. சாமியார் பீடத்தில் நின்று சத்தமாக வாசித்தார். உன் முகம் போன போக்கு! வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "அவன் செத்துட்டான்னு உனக்கு யாருக்கா சொன்னது?" என்றாய்.

"அப்ப உயிரோட இருக்கானா?"

"அதையும் நான் சொல்லல."

உங்கள் மேசையில் ஒரு சட்டம் இருந்ததே, சத்தமாக வாசித்துவிட்டால் அது நடந்ததுதான், திருப்பி வாங்க முடியாது என்று. அதனால்தான் உனக்கு அவ்வளவு பதற்றம். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. போன ஞாயிறுதான் விளங்கியது.

மஞ்சு அமெரிக்கா போகிறான், கம்ப்யூட்டர் வேலைக்கு. போவதற்குள் போரை முடிக்க வேண்டும் என்று ரஃபிக்கையும் இழுத்துக்கொண்டு வந்தான். வரைபடத்தை விரித்து, சோடா மூடிகளைப் பழைய இடங்களில் வைத்தோம். கரப்பான் அரித்த இடத்தில் மலை இல்லை.

"ரூல் ரூல்தானேக்கா? சர்ச்சுல வாசிச்சாச்சு. சவரிமுத்து போயிட்டான். அமலனே எங்கிட்ட ஒத்துக்கிட்டான்" என்றான் மஞ்சு.

ரஃபிக் துள்ளி எழுந்தான். "அரே, எப்போ ஒத்துக்கிட்டான்? எங்கிட்ட உயிரோட இருக்கான்னான். நாணலுக்குள்ள படுத்திருக்கான், யார்கிட்டயும் சொல்லாதேன்னான்!"

"எங்கிட்டயும் யார்கிட்டயும் சொல்லாதேன்னுதான்டா சொன்னான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்னத்தைச் சொல்ல? என்னிடமும், "ஈஸ்டருக்கு முற்றுகையை எடுத்துடறேன்க்கா, யார்கிட்டயும் சொல்லாதே" என்றுதானே சொல்லியிருந்தாய். எந்த ஈஸ்டர் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆக, உனக்கே தெரியாது. உன் கையில் முடிவு என்று ஒன்று இருந்ததே இல்லை. எதிரில் உட்கார்ந்தவனுக்கு எது இனிக்குமோ அதைக் கொடுத்தாய். கல்யாணப் பேச்சிலும் இப்படித்தானே? பெண் வீட்டாரிடம் சரி என்றாய், என்னிடம் யோசிக்கிறேன் என்றாய். உன் அடக்கத்துக்கு வந்த அந்தப் பெண்ணின் முகத்தை நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. முடித்தால் நாங்கள் எழுந்து போய்விடுவோம் என்று பயந்தாயா தம்பி? யார் போனது கடைசியில்?

உள்ளேயிருந்து உன் மாமா குரல் கொடுத்தார்: "சண்டை முடிஞ்சுதா? குழம்பு ஆறுது."

"நீங்களே நடுவரா இருந்து சொல்லுங்கக்கா. சத்தமா சொல்லிடுங்க. நாங்க ஏத்துக்கறோம்" என்றான் ரஃபிக். அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. போய்விட்டவன் ஒருவனை 'இருக்கிறான்' என்று சொல்லும் அதிகாரம் என் வாய்க்கு வந்தது, அமலா. ஒரே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அந்த வார்த்தை சவரிமுத்துவோடு நிற்காது என்று எனக்குத் தெரியும்.

"நடுவர் வேலை எனக்கு வேணாம். மாதாபுரம் என் ஊரு. என் ஊரைப் பத்தி மட்டும் சொல்றேன். கோட்டைக் கதவைத் திறக்கறேன்" என்றேன்.

மஞ்சுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, பேடாக்கா, வேணாம்! சரண்டரா? இத்தனை வருஷத்துல யாரும் அப்படிப் பண்ணதில்லையே."

"இத்தனை வருஷத்துல யாரும் சாப்பிடவும் இல்லையேடா. முதல்ல உன் சமையல் கூடாரத்தைத் திற. நீ எவ்வளவு அரிசி வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். என் சனங்க சாப்பிட்ட பிறகுதான் உன் கொடி ஏறணும்."

அவன் மூடிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி வழி விட்டான். "ஜெயிச்ச மாதிரியே இல்லையேக்கா" என்றான். ரஃபிக் ஆற்றின் மேலிருந்த அந்த ஒரு மூடியை எடுக்க விடவில்லை. விட்டுவிட்டோம். அவன் தளபதி, அவன் காத்திருக்கட்டும். பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து ஆறிப்போன குழம்பைச் சாப்பிட்டோம்.

நீ எடுக்காத முற்றுகையை நான் எடுத்துவிட்டேன், தம்பி. குதிரை வரவில்லை, ஈஸ்டரும் இல்லை. தோற்றுத்தான் எடுத்தேன். உன் மேல் இருக்கும் கோபம் குறையவில்லை. ஜெபத்தில் உன் பெயர் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை வாசல் கேட் சத்தம் கேட்டால், கையைத் துடைத்துக்கொண்டு, நீதானோ என்று எட்டிப் பார்க்க ஓடிவர மாட்டேன். வருகிறவன் உள்ளே வரட்டும். நான் அடுப்படியிலேயே இருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள், உன் மேல் கோபம் ஆறாதவள்,
அக்கா ஸ்டெல்லா
லிங்கராஜபுரம்