படத்துக்காக நிறுத்திய குளிசை

அக்கா,

இன்று காலை அம்மாவின் அலுமாரி லாச்சியில் என் பிறப்புச் சான்றிதழைத் தேடினேன். எனக்குச் சம்பந்தம் பேசும் புரோக்கர் கேட்டிருந்தார். கையில் அகப்பட்டவை நீ விழுங்காத உன் குளிசைகள். ஆஸ்பத்திரிக் கடதாசி உறைகள், வாயில் அடித்த ஸ்டேப்ளர் பின்கூடக் கழற்றப்படாமல். 'குளிசை முடிஞ்சுது, அடுத்த கிளினிக்கில எடுப்பம்' என்று படம் எடுக்க முன் அம்மா சொன்னது பொய்.

உன் கன்னங்கள் சிவந்தபோது வெங்காயத் தோட்டத்து வெயில் என்றோம். பிறகு கால் வீங்கியது. கழிக்கும் சலம் நுரைத்துப் போனது. யாழ்ப்பாணத்தில் டொக்டர் விளங்கப்படுத்தினார்: "இது லூப்பஸ். உடம்பின்ரை எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குது. இப்ப கிட்னியைப் பிடிச்சிட்டுது. குளிசையை நீங்களா நிப்பாட்டக் கூடாது." திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "உந்த வருத்தத்தை ஆருக்கும் சொன்னனியளோ?"

குளிசை உன் முகத்தை ஊதவைத்தது. அந்த நேரம் பார்த்து உனக்குப் பேசியிருந்த கனடா மாப்பிள்ளை வீட்டார் புதுப் படம் கேட்டார்கள். "இந்த முகத்தை எடுத்தா ரெண்டு பேர் நிக்கிற மாதிரி இருக்கும். ஆரைக் கட்டுறதெண்டு மாப்பிள்ளை குழம்பப் போறார்" என்றாய். நீயும் நானும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

சில வாரங்களில் முகம் வற்றியது. கோயிலுக்கு வைத்த நேர்த்தி பலித்தது என்றார் அம்மா. நான் நம்பவில்லை, கேட்கவுமில்லை. கிளினிக்கில் டொக்டர் "ஒழுங்காப் போடுறாவோ?" என்று கேட்க, நீ நிலத்தைப் பார்த்தாய். "ஓம் டொக்டர்" என்றது நான். நீ கலியாணமாகிக் கரையேறினால்தான் என் காதலை வீட்டில் சொல்லலாம் என்று காத்திருந்தவள் நான்; இன்னும் சொல்லவில்லை.

படம் வடிவாக வந்தது. கனடாவிலிருந்து பதில் வருவதற்குள் உன் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, உன்னை இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் மாதம் நீ இல்லை.

அம்மா தராமல் விட்டாரா? கண்ணாடியைப் பார்த்து நீயே வேண்டாம் என்றாயா? எல்லோர் மீதும் எனக்குச் சந்தேகம். செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் டெங்கு என்றோம். இந்த ஊரில் நுளம்பு கடித்துச் சாகலாம். லூப்பஸால் செத்தால் பரம்பரை வருத்தமென்று தங்கையின் சம்பந்தம் குழம்பிவிடும். ஊரும் டெங்கை நம்பியதாகவே நடித்தது. நாளைக்குத் தன் வீட்டிலும் அப்படியொரு பொய் தேவைப்படுமே.

பத்து மணிக்குப் புரோக்கர் வந்தார்.

"மூத்தவ டெங்கிலதானே போனவ?"

"ஓமோம்" என்றார் அம்மா.

"இல்லை அண்ணை. லூப்பஸ். கிட்னி பழுதாகிச் செத்தவ. படம் எடுக்கவெண்டு குளிசையை நிப்பாட்டினது" என்றேன் நான்.

அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார். "சரி பிள்ளை, பிறகு கதைக்கிறன்." மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடிவைத் தாண்டியது. ஏச்சுக்குக் காத்திருந்தேன். அம்மா வேறொன்று கேட்டார்:

"அதைப் போட்டிருந்தா அவள் இருந்திருப்பாளோ?"

"தெரியாது" என்றேன்.

எந்த டொக்டரும் சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டார். ஆகவே அது பொய்யில்லை. ஆனால் அக்கா, அந்தச் சொல்லை நான் அம்மாவுக்காகச் சொல்லவில்லை. அன்று "ஓம் டொக்டர்" என்ற எனக்காகச் சொன்னேன்.