பதினாறு டயர் நட்டும் என் சனிக்கிழமையும்

8 ஜூலை, செவ்வாய்

புகைமூட்டம். துணி காயவில்லை. கோலா சிலாங்கூர் சந்தையிலிருந்து திரும்பும்போது காரின் முன் இடது சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். ஒரு நட்டு தளர்ந்திருந்தது. மற்றதெல்லாம் துரு. இரண்டுக்கு மூலையே தேய்ந்துவிட்டது.

"பதினாறையும் மாத்தணும். இருவத்தஞ்சு வருச காரு, போதும்லா. திங்கக்கெழம பழைய காரு வாங்குற ஆள வரச் சொல்றேன், தள்ளி விட்ருவோம்."

என் கார். நாற்பத்தெட்டு வயதில், மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் எடுத்து ஓட்டும் கார். சனிக்கிழமை மகள் கவிதா தஞ்சோங் மாலிமிலிருந்து ரயிலில் கோலா குபு பாரு வருகிறாள். நானே ஓட்டி வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியாயிற்று. அவ்வளவு தூரம் தனியாக இதுதான் முதல் தடவை. சனிக்குள் நட்டு மாட்டிக் காட்டுகிறேன், காரை விற்கக் கூடாது என்றேன். "பாப்போம்" என்றார். அவருடைய "பாப்போம்" எனக்குத் தெரியாதா?

9 ஜூலை, புதன்

வெயில். வாங்க வேண்டியது: கொத்தமல்லி, விளக்கெண்ணெய், டயர் நட்டு.

கடையில் காட்ட மாதிரிக்கு ஒன்று வேண்டும். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு இவர் ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வைத்து, துருவோடு அப்பிக் கிடக்கிறது. ஸ்பானர் வழுக்குகிறது. சுத்தமாக இருந்தது அந்தத் தளர்ந்த நட்டு மட்டும்தான். கையாலேயே கழன்றது. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கார் சாமான் கடையில் ஒரு தமிழ்ப் பெண், தீபா. உள்ளே யாராவது ஆம்பளை இருக்கிறாரா என்று கேட்டுவிட்டேன். வெட்கம். கார் பெயரைச் சொல்லி நட்டைக் கொடுத்தேன்.

"ஆன்ட்டி, இதோட அடி உருண்டையா இருக்கு. உங்க காருக்குக் கூம்பா இருக்கணுமே. ரிம்மு மாத்துனீங்களா?"

"இல்லம்மா. காருலேர்ந்துதானே கழட்டிக் கொண்டாறேன். இதே மாதிரி பதினாறு குடு."

என்ன தெம்பு எனக்கு. பளபள என்று பதினாறு. கொத்தமல்லி மறந்துவிட்டது.

10 ஜூலை, வியாழன்

இவர் ஒரு புது நட்டை மாட்டி முடுக்கிப் பார்த்தார். சக்கரத்தின் துளையில் சரியாக உட்காரவில்லை. பிறகு அளவில் சின்ன சாக்கெட் ஸ்பானரைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, பழைய நட்டு ஒன்றைக் கழற்றினார். சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தால், அடி கூம்பு. தீபா சொன்ன அதே கூம்பு.

நான் கொண்டு போனது நம் காருடையதே இல்லை. ஜனவரியில் சுங்கை பெசார் கல்யாணத்துக்குப் போனபோது டயர் பஞ்சர். வழியில் உதவிக்கு வந்த யாரோ ஒருவர், தொலைந்த நட்டுக்குப் பதில் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டிருக்கிறார். அதனால்தான் தளர்ந்தது, அதனால்தான் சத்தம்.

"லெட்சுமி, பொட்டு வச்சதெல்லாம் நம்ம வீட்டு நட்டு. பொட்டு இல்லாத ஒன்னே ஒன்ன தேடிப் புடிச்சுக் கொண்டு போயிருக்கியே."

சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். அடுப்படிக்கு வந்த பிறகு கொஞ்சம் அழுகை வந்தது. கார் போய்விடும் என்று பயம்.

11 ஜூலை, வெள்ளி

மறுபடி பஸ். தீபா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, மாற்றிக் கொடுத்தாள். நல்ல பெண். சொன்னது: எதிரெதிராக முடுக்க வேண்டும். அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி இன்னொரு தடவை முடுக்க வேண்டும்.

மாலை இருவரும் சேர்ந்து பதினாறையும் மாட்டினோம். ஆற்றோரச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்துக்கே காது கொடுத்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொத்தமல்லி இன்றும் மறந்தேன்.

12 ஜூலை, சனி

விடியற்காலை மழை, இப்போது விட்டுவிட்டது. மணி ஆறே முக்கால். வெளியே போனால், கார் துடைத்திருக்கிறது. பக்கத்து சீட்டில் ஸ்பானர். நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம். பதினாறு புது நட்டுக்கும் சந்தனம், குங்குமம். ஜூலை மாதத்தில் ஏது ஆயுத பூஜை?

கைலியோடு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, திங்கக்கெழம அந்த ஆளு எத்தன மணிக்கு வர்றாரு?"

"எந்த ஆளு?"