நீ ஏறினால் மட்டும் நின்ற புல்வண்டி

என் பிரியத்துக்குரிய மாப்ள இளங்கோ,

உன் மைதானத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. இந்த வருஷம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நீளம் தாண்டும் மணல் குழியில் கோரை முளைத்திருக்கிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் யாருடைய மாடோ மேய்கிறது. நீ இருந்தால் விசிலை ஊதிக்கொண்டே அதை அடுத்த பிளாக் வரை துரத்தியிருப்பாய். இப்போது துரத்த ஆளில்லை. மாடும் அதைத் தெரிந்துவைத்திருக்கிறது.

உன் தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார். உன் சாவுக்கு வராத அதே அம்மாள்தான். பிராக்டிகல் பரீட்சை இருந்தது என்று அப்போது காரணம் சொல்லி அனுப்பினார். நான் அதை மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

"சார், ஸ்போர்ட்ஸ் டே வருது. இளங்கோ சார் ஓட்டுவாரே, அந்தப் புல்லு வெட்டுற வண்டி ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது. நீங்கதான் ரிப்பேர் பார்ப்பீங்களாமே? ஒரு தடவை வந்து பாருங்களேன். முடியாதுன்னா காயலாங்கடைக்குப் போட்டுடலாம்."

காயலாங்கடை! பழைய மாணவர்கள் பள்ளிக்கு அந்த வண்டியை வாங்கிக் கொடுத்த அன்று நீ அதற்கு மாலை போட்டாய், எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினாய், ராஜா மாதிரி மேலே உட்கார்ந்து மைதானத்தைச் சுற்றினாய். ஒரு பி.டி. வாத்தியார் உட்கார்ந்துகொண்டு செய்த ஒரே வேலை அதுதான் என்று நான் உன்னைக் கேலி செய்தேன். அந்த அம்மாளுக்காக நான் போகவில்லை. உனக்காகப் போனேன்.

வண்டி கொட்டகையில் உன் வண்டி கோழி எச்சத்துக்குக் கீழே நின்றது. பள்ளித் தோட்டத்தைக் காண்டிராக்டில் பார்த்துக்கொள்ளும் மந்தாரக்குப்பத்து வேலுவைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். மாசி மாதத்திலிருந்து டாங்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் போல நாறியது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்துச் சார்ஜ் போட்டேன். காற்று வடிகட்டியைத் தட்டினால் நம் ஊர்ப் பழுப்புத் தூசி ஒரு கைப்பிடி கொட்டியது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பிளக்கை மாற்றினேன். பிளேடு தட்டுக்கு அடியில் காய்ந்து கல்லாகிப் போயிருந்த புல்லை வேலு உளியால் பெயர்த்தான். இத்தனைக்கும் பிறகு சாவியைத் திருப்பினால், மாப்ள, உன் வண்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. வேலு விசிலடித்தான். எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வேலு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினான். இறங்கியவன் கத்தினான்.

"சார்! நான் எறங்கிட்டேன், இது பாட்டுக்கு ஓடிக்கினு கெடக்குது சார்! பிளேடு வேற சுத்திக்கினு இருக்குது!"

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். அந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தால்தான் இன்ஜின் ஓடும். ஆள் தவறி விழுந்தால், எழுந்தால், அந்தக் கணமே நின்றுவிட வேண்டும். சுழலும் பிளேடில் கால் போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு. சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இத்தனை வருஷம் இன்ஜினியராக இருந்திருக்கிறேன். எனக்கு ஜூனியராக வந்தவன் இன்று எனக்கே அதிகாரியாக இருக்கிறான் என்பது வேறு கதை. ஆனால் பாதுகாப்பு ஸ்விட்சைக் கட்டிப்போட்ட எவனையும் நான் சும்மா விட்டதில்லை.

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்விட்சின் தலைமேல் ஒரு கறுப்பு ரப்பர் துண்டைச் சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தது. உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் அது அழுத்திக்கொண்டே இருக்கும்.

நடுவில் துணி அடுக்கு வைத்த தடித்த ரப்பர். எனக்குத் தெரியாதா அதை? நிலக்கரி சுமக்கும் பெல்ட்டில் கழித்த துண்டு. நெய்வேலியில் எந்தக் குவார்ட்டர்ஸின் பின்கட்டில்தான் அது மிதியடியாகக் கிடக்கவில்லை? உன் வீட்டு வாசலுக்கு நான்தான் கொண்டுவந்து போட்டேன். அதன் ஒரு மூலை சதுரமாக வெட்டுப்பட்டிருந்ததை முன்பே பார்த்திருக்கிறேன். ஸ்டம்புக்கு அடியில் வைக்க வெட்டினேன் என்று சொன்னாய்.

உன்னைத் திட்டத்தான் முதலில் வாய் வந்தது. என்னடா முட்டாள்தனம் என்று. ரப்பரைப் பிய்த்தெடுத்துவிட்டு நானே ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஒழுங்காக ஓடியது. இறங்கினேன், நின்றது. வேலு ஏறினான், ஓடியது. ஸ்பிரிங்கில் குறையில்லை, ஸ்விட்சில் குறையில்லை, வயரில் குறையில்லை. அப்புறம் எதற்கு இந்த ரப்பர்?

அந்தக் கேள்வியோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டேன், மாப்ள. எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

போன வருஷம் மழைக்காலம் உனக்கு நினைவிருக்கிறதா? வண்டி நின்று நின்று போகிறது என்றாய். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் நிற்கிறது, திரும்பினால் நிற்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் வந்து பார்த்தேன். இப்போது செய்த அத்தனையையும் அன்றைக்கும் செய்தேன். நான் ஓட்டினால் நிற்காது. நீ ஏறினால் நிற்கும்.

"ஆபீசருக்குத்தான் மச்சான் இது மரியாதை குடுக்குது. வாத்தியாருன்னா எளக்காரம்" என்று சிரித்தாய்.

"உனக்கு கிளட்சு மிதிக்கத் தெரியலடா. மாடு ஓட்டுறவன் மாதிரி ஓட்டுற" என்றேன்.

பிறகு ஒரு நாள் குண்டு எறியும் இரும்புக் குண்டுகளை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாய். எதற்கு என்று கேட்டால், சீட் ஆடுகிறது, பேலன்ஸுக்கு என்றாய். அன்றைக்கு மட்டும் வண்டி உன்னிடம் நிற்கவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஆனால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டாய். அடுத்த ஞாயிறு, "வண்டி சரியாயிடுச்சு மச்சான். நீ கார்புரேட்டர்ல கை வெச்ச ராசி" என்றாய். அதை நான் நம்பினேன். என் ஆபீசில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

வண்டியில் குறையே இல்லை. குறைந்தது நீ. அந்த ஸ்பிரிங்கை அழுத்துகிற எடை உன் உடம்பில் இல்லாமல் போயிருந்தது. இரும்புக் குண்டை வைத்து அதைச் சோதித்துத் தெரிந்துகொண்டாய். தெரிந்துகொண்டு என்ன செய்தாய்? டாக்டரிடம் போனாயா? மிதியடியில் ஒரு துண்டு வெட்டி சீட்டுக்கடியில் ஒட்டினாய்.

ஊரே உன்னைப் பாராட்டிக்கொண்டிருந்தது. "என்ன சார், காலேஜ் பையன் மாதிரி ஆயிட்டீங்க! என்ன டயட்டு, எங்களுக்கும் சொல்லுங்க" என்று உன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. அந்த ஆளைக் கடைத்தெருவில் பார்த்தால் இன்றும் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பாவம், அவர் என்ன செய்வார் என்று என் மனைவி கேட்கிறாள். என்ன செய்திருக்கலாம் என்று எனக்கும் தெரியவில்லை. யார்மேலாவது கோபப்படாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஏன் மாப்ள சொல்லவில்லை? பயமா? உடம்பைப் பற்றி வகுப்பெடுக்கிறவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வெட்கமா? ஒரே பிளாக்கில் ஒரே பந்துக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். என் தங்கையைக் கட்டிய பிறகும் நான் உன்னை 'வாங்க போங்க' என்று கூப்பிட்டதில்லை. என்னிடம்கூடச் சொல்ல முடியாத அளவுக்கு எப்போது நான் வெளியாள் ஆனேன்?

இதைவிடப் பெரிய சிக்கலை நீ எனக்கு வைத்துவிட்டுப் போயிருந்தாய். கோமதி. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னது ஒரே வார்த்தைதான். "உள்ளுக்குள்ள நோய் இருக்குன்னு அவருக்கே தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாரா?" அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமும் அவள் நடமாடிக்கொண்டிருக்கிறாள். அதை நான் எப்படிப் பறிப்பது? ரப்பர் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாகும்வரை சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன்.

மத்தியானம் அவள் எங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தாள். வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்டதும் கேட்டிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்தாள்.

"அண்ணே, நான் ஒரு ரவுண்டு ஓட்டவா? எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். 'நீ ஸ்கூட்டரையே செவுத்துல உடுற'ன்னுட்டு ஏத்தவே மாட்டாரு."

"ஏறு கோமு" என்றேன்.

வேலு அவளுக்குப் பிரேக்கைக் காட்டிக் கொடுத்தான். ஏறி உட்கார்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன். பிரேக்கை விட்டாள், வண்டி நகர்ந்தது. கோல் கம்பத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதே, அதில் இறங்கியது.

நின்றுவிட்டது.

"பிளக்குதான் சார் மறுபடியும்" என்று வேலு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"பிளக்கைத் தொடாத வேலு. நீ போய்ச் சாப்பிடு" என்றேன்.

கிட்டே போய் அவளைப் பார்த்தேன். மாசியிலிருந்து தினமும் பார்க்கிறேன், ஆனாலும் அன்றுதான் பார்த்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்த கையில் வாட்ச் முழங்கை வரை சரிந்து கிடந்தது.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"டீ குடிச்சேன்."

"நேத்து ராத்திரி?"

"என்னண்ணே இப்போ? வண்டி ஏன் நின்னுச்சு, அதைச் சொல்லு."

சொல்லாமல் எப்படி மாப்ள? ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பெல்ட், பேட்டரி என்று எத்தனையோ இருக்கின்றன. போன வருஷம் நீ சிரித்து மழுப்பியது போல நானும் மழுப்பியிருக்கலாம். பையிலிருந்து ரப்பரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"எங்க வீட்டு மிதியடில வெட்டுனது மாதிரி இருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டாள். குண்டுப் பையைப் பற்றிச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்போ அவருக்குத் தெரியும்னு சொல்றியா?"

"தெரியும்."

கத்தினாள் மாப்ள. நீ செத்த அன்றுகூட அப்படிக் கத்தவில்லை. "அடப்பாவி! ஓட்ஸ் கஞ்சி போடுடி, எண்ணெயக் கொறடின்னு தெனம் எங்கிட்ட நாடகம் ஆடுனியே! பேன்ட்டப் பிடிச்சுத் தைக்கச் சொல்லிக் குடுத்தியே! நானும் சிரிச்சிக்கிட்டுத் தச்சுக் குடுத்தேனே!" மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். வேலு சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்றுவிட்டான். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரக் கூட்டிட்டு வாண்ணே. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு விட்டுடறேன்."

நான் எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன்?

அழுது முடித்தபின் அங்கேயே புல்லில் உட்கார்ந்து, எங்களுக்கென்று கொண்டுவந்த சோற்றை அவளைச் சாப்பிட வைத்தேன். பிசைந்து பிசைந்து கொஞ்சம் சாப்பிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் குறைவாக இருக்கிறது, சரியாகச் சாப்பிடாததுதான், வேறு எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அது வரும்வரை நான் இருந்த இருப்பை நீ பார்த்திருந்தால் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருப்பாய்.

இப்போது ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். முணுமுணுத்துக்கொண்டே வருகிறாள். "என்னை என்ன எடை மெஷின்ல ஏத்தி விக்கப் போறியா?" என்று கேட்கிறாள். சாப்பிடும்போது உன்னைத் திட்டுகிறாள். திட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சாப்பிடுகிறாள். 'அவருக்குத் தெரியாது' என்று இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை. நான் அவளிடமிருந்து எடுத்தது அதிகமா, கொடுத்தது அதிகமா? நீதான் சொல்லவேண்டும், நீயோ எதையும் சொல்லாதவன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். அதுவரை ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அவள் போதும் போதும் என்று கையை மறித்தாலும், இன்னொரு கரண்டி சோறு அவள் தட்டில் விழாமல் நான் பந்தியிலிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் ஆறாத,
உன் கோமதிக்கு அண்ணனான,
உன் மச்சான்.