பன்னிரண்டு மணிச் சாவுச் செய்தி

26 அக்டோபர் 2015, திங்கள்
முட்டைக்கோஸைப் பீப்பாயில் உப்பிட்டேன். ஒருத்திக்கு எத்தனை போதும் என்று தெரியவில்லை. வழக்கம்போல நாற்பது போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் ரதோவன் போய்ச் சேர்ந்து பதினாறு நாள்.

பன்னிரண்டு மணிக்கு நகர வானொலியில் நேவெனா சாவுச் செய்தி வாசித்தாள். இன்று இரண்டு பேர். அவள் தாத்தா போனதையும் அவளேதான் வாசித்தாள், ஒரு எழுத்து பிசகாமல். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் பேத்தி வாசித்துத்தான் இந்தப் பள்ளத்தாக்குக்கே சேதி தெரிகிறது.

30 அக்டோபர், வெள்ளி
நகராட்சி வானொலியை விற்றுவிட்டது. பெல்கிரேடில் யாரோ வாங்கியிருக்கிறார்களாம். நேவெனா வந்து சொன்னாள்.
“இனிமே பாட்டு மட்டும்தான் பாட்டி. சாவுச் செய்தி வந்தா ஜனங்க வேற ஸ்டேஷனுக்குப் போயிடுறாங்களாம்.”
“செத்தவங்க எந்த ஸ்டேஷனுக்குப் போறதாம்?”
சிரித்தாள். பிறகு, “தாத்தாவோட நாற்பதாம் நாளை எப்படியாவது வாசிச்சுடறேன்” என்றாள்.

5 நவம்பர், வியாழன்
நாற்பதாம் நாள் பூசைக்கு, வழக்கம்போல அதற்கு முந்தின சனிக்கிழமை, 14ஆம் தேதி பதினோரு மணி என்று பாதிரியார் குறித்துக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டு மிலுங்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். “அக்கா, கம்பத்துல பூசைச் சேதிக் காகிதம் ஒட்டிடு. இல்லன்னா நாலு பேருக்கு போனாவது போடு.”
போனா? கல்லறைப் பூசைக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இங்கே கிடையாது. சேதி காதில் விழும், அவர்களாக வருவார்கள். கூப்பிட்டதால் வந்தார்கள் என்றால் அது மரியாதையா?
“என் பேத்தி ரேடியோவுல இருக்கறப்போ நான் பசை வாளியைத் தூக்கிட்டுத் தெருவுல அலையணுமா?”
“ஆமா, மகாராணி தூக்கினா வாளி உடைஞ்சிடும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

9 நவம்பர், திங்கள்
பன்னிரண்டு மணி. பாட்டு. அது முடிந்து இன்னொரு பாட்டு.

12 நவம்பர், வியாழன்
நேவெனா போனில் பேசினாள். நாளைக்கு வாசிக்கப் பார்க்கிறேன் என்றாள். பூசைச் சாப்பாட்டுக்குப் பீன்ஸ் கொட்டையை ஊறப்போட்டேன். எண்பது பேருக்கு.

13 நவம்பர், வெள்ளி
பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வானொலி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் ஒரே ஒரு தடவை வந்தது. “எங்களோடு சிரித்துக்கொண்டே இருங்கள்!” அவளும் சிரித்தாள். உடனே பாட்டு.

பூசையில் படைக்கக் கோதுமையை வேகவைத்து அரைத்தேன். சர்க்கரை, வால்நட்.

14 நவம்பர், சனி
பதினோரு பேர். பாதிரியாரையும் சேர்த்து. அடக்கத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள்.

வீட்டில் மேசைகளில் தட்டுகள் வைத்தபடியே இருந்தன. ஆறிய பீன்ஸை நேவெனா பானையில் திரும்பக் கொட்டினாள்.
“வாசிச்சிருந்தா அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பாங்க பாட்டி. எல்லாம் பெல்கிரேடுலேருந்து வருது. எங்க கையில ஒண்ணுமே இல்ல.”
“அதை ஏன்டி முன்னாடியே சொல்லல? சொல்லியிருந்தா கம்பத்துல ஒட்டியிருப்பேனே!”
“நீ ஒட்டியிருக்க மாட்ட.”
— ஒட்டியிருப்பேனா?
தட்டுகளைக் கழுவினேன்.

அழுகை வரவில்லை. ஏன் வரமாட்டேங்குது?

17 நவம்பர், செவ்வாய்
ரொட்டிக் கடையில் ஒப்ராத். ரதோவனோடு செங்கல் சூளையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.
“என்ன தங்கச்சி, அவனுக்கு நாற்பது எப்போ? ரேடியோவைத் தலைமாட்டுலயே வச்சிருக்கேன், சேதியே வரலையே.”
“முடிஞ்சு போச்சு அண்ணே.”
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

22 பிப்ரவரி 2016, திங்கள்
நேவெனாவை நிறுத்திவிட்டார்கள். பதிவு செய்து வைத்த குரலே போதுமாம்.

4 ஏப்ரல், திங்கள்
சனிக்கிழமை ஆறாம் மாதப் பூசை. காலையிலேயே கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதலில் ஒப்ராத் வீடு. கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னேன்.
“சனிக்கிழமை பதினோரு மணி அண்ணே. கல்லறையில.”
“இதுக்கு நீயே நடந்து வரணுமா தங்கச்சி? உள்ள வா, காபி குடிச்சிட்டுப் போ.”
“நேரமில்ல அண்ணே. இந்தச் சாரியிலயே இன்னும் முப்பது வீடு இருக்கு.”
எதிர்ச் சாரியில் நேவெனா கதவு தட்டிக்கொண்டிருந்தாள்.