அத்தையின் அறையில் கறுக்கும் வெள்ளி

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குட்டியும் நலம். அத்தையும் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. என் போன் உடைந்ததிலிருந்து அத்தையின் போனில்தான் பேசுகிறேன். பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். உங்களோடு வேலை செய்யும் வெல்டர் விடுமுறை முடிந்து நாளை கிளம்புகிறார். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

குளியலறையோடு சேர்த்துக் கட்டிய புது அறைக்கு அத்தை மாறியது உங்களுக்குத் தெரியும். வெள்ளிச் சாமான்களை அங்கேதான் அழகாக அடுக்கி வைத்திருக்கிறார். கட்டிலுக்கு எதிரே கண்ணாடி அலமாரி, நடுவில் பெரிய தட்டு, இரு பக்கமும் மெழுகுவத்தித் தாங்கிகள், ஜன்னலோரம் பூச்சாடி, தலைமாட்டில் மாமாவின் படம் வைத்த வெள்ளிச் சட்டம். வந்தவர்கள் எல்லாம் கண் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த வெள்ளி கறுக்கிறது. தேய்த்து வைத்த வாரத்துக்குள் மஞ்சள் படர்ந்து, பிறகு நீலமாகி, கடைசியில் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிடுகிறது. முதலில் திட்டு எனக்குத்தான். "பாத்திரம் கழுவுற நார்ல தேச்சிருப்பே, ஈரத்தோட வெச்சிருப்பே. உங்க வீட்ல எவர்சில்வர் தவிர வேற என்னத்தக் கண்டே?" என்றார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, அவர் கண் முன்னாலேயே அடுக்கினேன். அப்படியும் கறுத்தது.

சந்தேகம் வந்து, குட்டியின் வெள்ளி ஸ்பூன்களை ஒன்றாகக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றையும் ஓர் இடத்தில் வைத்தேன். சமையலறையில் இருந்தது பளிச்சென்று இருந்தது. ஹாலில் இருந்ததும் அப்படியே. அத்தையின் கட்டிலுக்குப் பின்னால் வைத்தது மட்டும் கறுத்துப்போனது. குறை வெள்ளியில் இல்லை, அந்த அறையின் காற்றில்தான்.

பிளம்பரைக் கூப்பிட்டேன். குளியலறை வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார். "கீழ பைப் உடைஞ்சிருக்குக்கா, சாக்கடை கேஸ் மேல வருது. அதுதான் வெள்ளியக் கறுக்க வைக்குது. தரைய உடைச்சாத்தான் சரி பண்ண முடியும். அதுவரைக்கும் இதுல யாரும் படுக்காதீங்க" என்றார். அத்தைக்கு அந்த நாற்றமே தெரியவில்லை. உள்ளேயே இருந்து மூக்குக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது. "வெள்ளி தேய்க்க உடம்பு வணங்காதவ என் தரையத் தோண்ட ஆள் கூட்டிட்டு வந்திருக்கா" என்று சத்தம் போட்டு அவரை அனுப்பிவிட்டார்.

நான் பயப்படுவது இதற்குத்தான்: வெளிக்காற்று பட்டு வெள்ளி கறுக்கிறது என்று அத்தை முடிவே கட்டிவிட்டார். ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, இடுக்கில் பழைய புடவையைக் கிழித்து அடைத்திருக்கிறார். நான் திறந்தால் பின்னாலேயே வந்து மூடுகிறார். தலைவலி என்கிறார், கண் எரிகிறது என்கிறார். நேற்று எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிரஷர்தான் என்றார், டாக்டரிடம் போனால் பிரஷர் சரியாக இருக்கிறது. ஜன்னல் விஷயத்தை டாக்டரிடம் நான் சொல்ல வாயெடுத்ததும், "வீட்டுக் கதையெல்லாம் இங்க எதுக்கு?" என்று என்னைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். குட்டியை அந்த அறைக்குள் விடுவதில்லை. அதற்கும், "பேத்திய என்கிட்டேர்ந்து பிரிக்கிறியா?" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

உங்கள் தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். "புது ரூம் மேல கண்ணா அண்ணி?" என்று சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் அதற்குமேல் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், தெரிந்திருந்தும் சும்மா இருந்தாள் என்பார்கள். வற்புறுத்தினால், கிழவியை அறையை விட்டுத் துரத்தினாள் என்பார்கள். யார் என்ன சொன்னாலும் போகட்டும். அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

அத்தை கேட்பது உங்கள் ஒருவர் பேச்சைத்தான். கடிதம் கிடைத்ததும் போன் செய்து, தரையை உடைத்துச் சரிசெய்யும்வரை ஹாலில் படுக்கச் சொல்லுங்கள். பிளம்பரே உங்களுக்குப் போன் செய்ததாகச் சொல்லுங்கள். என் பெயரை எடுக்காதீர்கள், எடுத்தால் வீம்புக்கு அங்கேயே படுப்பார்.

இப்போது மதியத் தூக்கத்தில் இருக்கிறார், கதவு சாத்தியிருக்கிறது. இதை எழுதுகிற நேரத்தில் இரண்டு தடவை போய்க் கதவைத் தட்டி, டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். "மனுஷிய நிம்மதியாத் தூங்க விடமாட்டியாடி?" என்று உள்ளேயிருந்து கத்தினார். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் இன்னும் பல வருஷம் என்னை இப்படியே திட்ட வேண்டும். தாமதிக்காமல் பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்
குட்டியின் அம்மா