கலையாத பாதிக் கட்டில்

என்னங்க,

கோபம் தணிந்ததா? நீங்கள் வரவில்லை என்று கடல் ஒன்றும் வற்றிவிடவில்லை.

இருபத்தெட்டு வருஷம் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்தவள், முதல் முறையாக விருந்தாளியாக வந்திருக்கிறேன். கை சும்மா இருக்குமா? நேற்றுக் காலை எழுந்ததும் படுக்கையை நானே சரிசெய்து, விரிப்பின் நுனிகளை மடித்துச் செருகிவிட்டேன். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் அதைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"அக்கா, நீங்க எந்த ஓட்டல்ல வேலை பாத்தீங்க? நாளைக்கு இதுல கை வச்சீங்க, நான் கோச்சுக்குவேன்."

இன்று ஒன்பது மணி வரை தூங்கினேன். கட்டிலை அப்படியே போட்டுவிட்டு, ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். சொர்க்கம்தான், போங்கள்.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். "பாதிக் கட்டில்தானே கலைஞ்சிருக்கு?"

"சனிக்கிழமை வந்துருவாரு" என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள்
சண்டைக்காரி